"டை அடிச்சா கிட்னி போயிருமாம்" - ஒரு பயத்தின் நூறு வருட வரலாறு





"டை அடிச்சா கிட்னி போயிருமாம்."

நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், அஞ்சியோகிராம் செய்ய வேண்டும் என்று துண்டு எழுதப்பட்ட எவரும் வீடு வந்து சேர்வதற்குள் இந்த வசனத்தை யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பள்ளிவாசல் முற்றத்தில், தேநீர்க் கடையில், நோயாளியைச் சுகம் விசாரிக்க வந்த இடத்தில். அதோடு ஒரு உதாரணமும் வரும்: "இன்னாருக்கு ஸ்டென்ட் வச்சாங்க, ஒரு மாசத்துல டயலிசிஸ்." கேட்கிற வாப்பாவுக்கு ஏற்கனவே சீனி வருத்தம், பிரஷர். அவர் பயந்துபோகிறார். துண்டு அலுமாரிக்குள் போகிறது. கொடுத்த திகதி கடந்து போகிறது.

இன்னொரு பக்கம், "ஒன்றுமே ஆகாது, சும்மா பயப்படாதே" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. பாதி உண்மையை நம்பி முடிவெடுத்தால் சிலவேளை உயிரே விலையாகிவிடும்.

நாம் வைத்தியர்கள் அல்ல, ஆசிரியர்கள். யாருக்கு அஞ்சியோகிராம் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு பயம் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, எங்கே பிழைத்தது என்று தேடிப் பார்க்க வரலாறு உதவும். பயத்தின் வரலாறு தெரிந்தால் எவ்வளவு பயப்பட வேண்டும் என்ற அளவும் தெரியும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

1. சாயம் இல்லாத சாயம்

முதலில் பெயரைப் பார்ப்போம். "டை" என்கிறோம், "சாயம்" என்கிறோம். உண்மையில் அது எதற்கும் நிறம் ஏற்றுவதில்லை. பார்வைக்குத் தண்ணீர் போலத் தெளிவான ஒரு திரவம். அதற்குள் இருக்கும் சரக்கு அயடீன். நாம் உப்போடு சேர்த்து உண்ணுகிற அதே மூலகம். அயடீன் அணு கனமானது, எக்ஸ்ரே கதிரைத் தடுத்து நிறுத்தும். எலும்பு எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவது எப்படியோ, அயடீன் ஓடுகிற இரத்தக்குழாய் படத்தில் தெரிவதும் அப்படித்தான்.

இதற்கான தேவை எக்ஸ்ரே பிறந்த உடனேயே வந்துவிட்டது. ஜேர்மனியில் ரொன்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். எலும்பு தெரிந்தது, இரத்தக்குழாய் தெரியவில்லை. 1896 ஜனவரியிலேயே வியன்னாவில் ஹாஷெக், லிண்டெந்தால் என்ற இருவர் துண்டிக்கப்பட்ட ஒரு கையின் குழாய்களுக்குள் சுண்ணாம்பு, பாதரசக் கலவை, பெற்றோலியம் எல்லாம் கலந்த ஒரு குழம்பைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். கிளை கிளையாக நாடிகள் தெரிந்தன. உலகின் முதல் அஞ்சியோகிராம் அதுதான். ஆனால் அந்தக் குழம்பை உயிருள்ள மனிதனுக்குள் செலுத்த முடியாது. இரத்தத்தில் கலந்து, படத்தில் தெரிந்து, பிறகு தீங்கு செய்யாமல் வெளியேறிவிடும் ஒரு பொருள் வேண்டும். அதைத் தேடி முப்பது வருடங்களுக்கு மேல் போயின.

2. சிறுநீரகத்தைப் படம் பிடிக்கப் பிறந்த மருந்து

இந்தக் கதையில் நமக்கு மிகவும் ஆச்சரியமாகப்பட்ட இடம் இது. எந்தச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பயப்படுகிறோமோ, அந்தச் சிறுநீரகத்தைப் படம் பிடிக்கத்தான் இந்த மருந்தே உருவானது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அக்காலத்தில் சிபிலிஸ் நோயாளிகளுக்கு சோடியம் அயடைட் கொடுத்து வந்தார்கள். அப்படிப்பட்டவர்களின் சிறுநீர் எக்ஸ்ரேயில் தெரிவதை 1923இல் ஒஸ்போர்னும் அவரது கூட்டாளிகளும் எழுதினார்கள். இரத்தத்துக்குள் போன அயடீனைச் சிறுநீரகம் வடித்து வெளியே அனுப்புகிறது, அந்த வழியில் படமும் எடுக்கலாம் என்பது புரிந்தது. ஆனால் வெறும் சோடியம் அயடைட் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஜேர்மனிக்குப் படிக்கப் போயிருந்த மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க வைத்தியர், பேர்லினில் பின்ஸ் என்ற இரசாயனவியலாளர் தொற்றுநோய் மருந்து தேடி உருவாக்கியிருந்த அயடீன் சேர்வைகளைச் சோதித்துப் பார்த்தார். 1929இல் 'யூரோசெலெக்டான்' வந்தது. கையில் ஊசி போட்டால் சிறிது நேரத்தில் சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் படத்தில் தெரியும். யார் கண்டுபிடிப்பு என்பதில் அந்த இளைஞருக்கும் அவருடைய பேராசிரியருக்கும் இடையில் சர்ச்சை எழுந்தது. ஸ்விக்குக்கு உரிய அங்கீகாரம் கிடைக்கப் பல பத்து வருடங்கள் ஆயின.

ஆக, சிறுநீரகம் விரைவாக வெளியேற்றிவிடும் என்பதுதான் இந்த மருந்தின் பெரிய சிறப்பு. சிறுநீரகம் வெளியேற்ற முடியாத ஒன்றைச் செலுத்தினால் என்ன நடக்கும்? அதற்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. அதே காலத்தில் 'தோரோட்ராஸ்ட்' என்ற மருந்தும் வந்தது. தோரியம் என்ற கதிரியக்க மூலகத்தில் செய்தது. படம் மிகத் தெளிவாக வரும். ஊசி போடும்போது வலி இல்லை, உடனடியாக ஒரு பக்கவிளைவும் இல்லை. வைத்தியர்கள் விரும்பிப் பாவித்தார்கள். ஆனால் அது உடம்பை விட்டு வெளியேறவில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கியது. தோரியம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 1400 கோடி வருடங்கள் தேவை. இருபது, முப்பது வருடங்கள் கழித்து அந்த மனிதர்களுக்கு ஈரல் புற்றுநோய் வந்தது. 1950களில் அந்த மருந்து கைவிடப்பட்டது.

"சிறுநீரகத்துக்குள்ளால் போகிறதே" என்று இன்று நாம் பயப்படுகிறோம். அன்று அந்த வழியால் போகாத மருந்துதான் மனிதர்களைக் கொன்றது.

3. இதயத்துக்குள் போன பாதை

இதயத்துக்கென்று தனியான இரத்தக்குழாய்கள் உண்டு என்பதை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் நம் சமூகம் பெருமையோடு நினைக்க வேண்டிய ஒருவர். 13ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸில் கற்று கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அந்-நபீஸ். இதயம் தன் அறைக்குள் நிற்கும் இரத்தத்தால் போஷிக்கப்படுகிறது என்ற இப்னு சீனாவின் கருத்தை அவர் மறுத்தார். இதயத்தின் உடலுக்குள் ஓடும் குழாய்களால்தான் அது போஷிக்கப்படுகிறது என்று எழுதினார். இப்னு சீனாவின் நூலுக்கு விளக்கவுரை எழுதிக்கொண்டே, மரியாதை குறையாமல் அவரோடு முரண்பட்டார். அறிவு வளர்வது இப்படித்தான்.

அந்தக் குழாய்களை உயிருள்ள மனிதனில் பார்க்க எழுநூறு வருடங்கள் ஆயின.

1929. ஜேர்மனியின் எபர்ஸ்வால்ட் என்ற சிற்றூர் ஆஸ்பத்திரி. வெர்னர் ஃபோர்ஸ்மன், வயது 25. கை நரம்பு வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை கொண்டுபோகலாம் என்றார். மேலதிகாரி அனுமதிக்கவில்லை. ஃபோர்ஸ்மன் தன் கையிலேயே வெட்டி, 65 சென்ரிமீற்றர் நீளத்துக்குக் குழாயைச் செலுத்தி, அது உள்ளே இருக்கும்போதே எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். குழாயின் நுனி இதயத்துக்குள் இருந்தது. அன்று அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஏளனம்தான். 1956இல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் ஒரு சிற்றூரில் சிறுநீரக, சிறுநீர்ப்பை நோய் வைத்தியராக வேலை செய்துகொண்டிருந்தார். இதயத்துக்குள் குழாய் விட்ட முதல் மனிதர் கடைசியில் சிறுநீரகப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

அடுத்தது 1958 ஒக்டோபர் 30. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக். வைத்தியர் மேசன் சோன்ஸ் ஒரு 26 வயது இளைஞனின் பெருநாடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இதயத்தின் சொந்த நாடிக்குள் இந்த மருந்து நேரடியாகப் போனால் நோயாளி அந்த இடத்திலேயே இறந்துவிடுவார் என்பது அக்கால வைத்தியர்களின் உறுதியான நம்பிக்கை. குழாயின் நுனி தவறுதலாக வலது இதய நாடிக்குள் நழுவியது. ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் மருந்து நேராக உள்ளே போய்விட்டது. இதயம் நின்றது. "இருமு, இருமு" என்று சோன்ஸ் கத்தினார். இளைஞன் இருமினான். இதயம் மறுபடி அடித்தது. தவறுதலாக எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் இதய நாடி தெளிவாகத் தெரிந்தது. "செத்துவிடுவான்" என்று எல்லோரும் நம்பிய ஒன்று அப்படி அல்ல என்று ஒரு நொடியில் தெரியவந்தது. இன்றைய அஞ்சியோகிராமின் தொடக்கம் இதுதான்.

1977 செப்டெம்பர் 16இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் அன்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்பவர், தன் வீட்டுச் சமையலறை மேசையில் செய்து பழகிய சிறிய பலூனைக் கொண்டு 38 வயது நோயாளி ஒருவரின் அடைபட்ட இதய நாடியைத் திறந்தார். 1986இல் பிரான்சில் முதல் ஸ்டென்ட் மனித இதய நாடியில் வைக்கப்பட்டது. இதற்குப் பிறகு இந்தச் சிகிச்சை உலகமெங்கும் பரவியது.

சிறுநீரகத்தின் கதையில் இது முக்கியமான திருப்பம். சும்மா படம் எடுக்கக் கொஞ்சம் மருந்து போதும். பலூன் விரித்து, ஸ்டென்ட் வைத்து, சரியாக அமர்ந்ததா என்று திரும்பத் திரும்பப் பார்க்க மருந்து கூடுதலாகத் தேவை. அதுமட்டுமல்ல, படுப்பவர்கள் யார்? 26 வயது இளைஞர்கள் அல்ல. வயதானவர்கள், சீனி வருத்தக்காரர்கள், சிறுநீரகம் ஏற்கனவே தளர்ந்தவர்கள். இதய நாடியையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது பெரும்பாலும் ஒரே எதிரிகள்தான்: சீனி, பிரஷர், புகை.

4. முதல் எச்சரிக்கைகள்

சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்ற எச்சரிக்கை இதயச் சிகிச்சையில் இருந்து வரவில்லை. 1954இல் மைலோமா என்ற எலும்பு மச்சைப் புற்றுநோய் இருந்த ஒரு நோயாளிக்குச் சிறுநீரகப் படம் எடுத்த பின் சிறுநீர் நின்றுபோனதை டென்மார்க் வைத்தியர்கள் எழுதினார்கள். பிறகு சீனி வருத்தக்காரர்களில், ஏற்கனவே சிறுநீரகம் பழுதானவர்களில் இதுபோன்ற சம்பவங்கள் ஒவ்வொன்றாகப் பதிவாகின. அஞ்சியோகிராமும் ஸ்கானும் பெருகப் பெருகச் சம்பவங்களும் பெருகின. 'கொன்ட்ராஸ்ட் நெஃப்ரோபதி' என்று நோய்க்கு ஒரு பெயரும் கிடைத்தது.

என்ன நடக்கிறது? இதயம் ஒவ்வொரு தடவையும் தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஆனால் சிறுநீரகத்தின் உட்பகுதி சாதாரண நேரத்திலேயே குறைந்த ஒட்சிசனோடு வேலை செய்யும் இடம். மருந்து வந்ததும் அங்குள்ள நுண்குழாய்கள் சுருங்குகின்றன, வடிகுழாய்களின் கலங்களும் நேரடியாகப் பாதிக்கப்படுகின்றன. உடம்பில் நீர் குறைந்திருந்தால் மருந்து தடித்துப்போய் மெதுவாக நகரும். நல்ல சிறுநீரகம் இதைத் தாங்கிக்கொள்ளும். தளர்ந்த சிறுநீரகம் தடுமாறும்.

அடையாளம் இரத்தத்தில் தெரியும். கிரியேட்டினின் அளவு இரண்டு மூன்று நாட்களுக்குள் ஏறும். மூன்று முதல் ஐந்து நாட்களில் உச்சத்தைத் தொடும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரங்களில் பழைய அளவுக்கோ அதற்குக் கிட்டவோ இறங்கிவிடும். சிலருக்கு முழுமையாக இறங்காது. மிகச் சிலருக்கு டயலிசிஸ் தேவைப்படும். நோயாளிக்குப் பெரும்பாலும் ஒரு வலியும் தெரியாது, சிறுநீரும் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் இரத்தப் பரிசோதனை இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

5. கடலும் வாவியும் சொல்லித் தந்த பாடம்

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் பிறந்து வளர்ந்த நமக்கு அடுத்த கதை எளிதாகப் புரியும். கடலில் முங்கிக் கண்ணைத் திறந்தால் எரியும். வாவித் தண்ணீரில் அவ்வளவு எரியாது.

சுவீடனின் எக்ஸ்ரே வைத்தியர் டோர்ஸ்டன் அல்மேனை ஒரு விடயம் உறுத்திக்கொண்டிருந்தது. கால் நாடியில் இந்த மருந்தைச் செலுத்தும்போது நோயாளிகள் வலியால் துடித்தார்கள். அவருடைய நாட்டின் மேற்குக் கடற்கரையில் கடல் உப்புக் கூடியது, அங்கே தண்ணீருக்குள் கண் திறந்தால் எரியும். கிழக்கே பால்டிக் கடல் உப்புக் குறைந்தது, எரிவதில்லை. மருந்தின் தொல்லைக்கும் காரணம் அதன் 'உப்புத்தன்மை'தானோ என்று அவர் யோசித்தார். ஓஎல் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் பிரசாரணம் என்று படிப்பது இதைத்தான். இரத்தத்தின் செறிவு ஏறக்குறைய 290 என்றால், பழைய மருந்துகளின் செறிவு 1500க்கு மேல். ஐந்து மடங்கு! அப்படிப்பட்ட ஒன்று குழாய்க்குள் போனால் சுற்றியுள்ள கலங்களில் இருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்கும்.

உப்பாகப் பிரியாத ஒரு அயடீன் மருந்தைச் செய்ய முடியும் என்று 1960களின் கடைசியில் அல்மேன் எழுதினார். பெரிய கம்பனிகள் அக்கறை காட்டவில்லை. அவருடைய கட்டுரையும் முதலில் மறுக்கப்பட்டது. கடைசியில் நோர்வேயின் ஒரு சிறிய கம்பனி கைகொடுத்தது. 1980களில் ஐயோஹெக்சோல் வந்தது. செறிவு இரத்தத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு மட்டும். பிறகு 1990களில் வந்த ஐயோடிக்சனோலின் செறிவு இரத்தத்துக்குச் சமம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "டை அடிச்சா கிட்னி போயிரும்" என்ற பேச்சின் ஒரு பகுதி அந்தப் பழைய, ஐந்து மடங்குச் செறிவுள்ள மருந்துகளின் காலத்தில் உருவானது. மருந்து மாறிவிட்டது. பேச்சு மாறவில்லை.

6. மருந்தைத் தேடி அலைந்து தண்ணீருக்குத் திரும்பிய கதை

சிறுநீரகத்தைக் காப்பாற்ற என்ன செய்வது? முதலில் தோன்றியது, சிறுநீரை அதிகம் போக வைத்தால் மருந்து சீக்கிரம் வெளியேறும் என்பது. 1994இல் 78 நோயாளிகளில் ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்குச் சேலைன் மட்டும். மற்றவர்களுக்குச் சேலைனோடு சிறுநீர் போக வைக்கும் மருந்துகள். முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. சேலைன் மட்டும் பெற்றவர்களில் 11 வீதத்தினருக்குத்தான் பாதிப்பு. மனிடோல் பெற்றவர்களில் 28 வீதம். ஃபுரோசமைட் பெற்றவர்களில் 40 வீதம். அறிவுக்குச் சரியாகப் பட்ட ஒன்று, சோதித்துப் பார்த்தபோது கெடுதியாக இருந்தது.

பிறகு 2000ஆம் ஆண்டில் அசெற்றைல்சிஸ்ரீன் வந்தது. சளிக்குப் பாவிக்கும் மலிவான மருந்து. 83 நோயாளிகளில் செய்த ஆய்வில் பாதிப்பு 21 வீதத்தில் இருந்து 2 வீதத்துக்கு இறங்கியது. உலகம் முழுவதும் கொடுக்கத் தொடங்கினார்கள். 2011இல் பிரேசிலில் 2308 நோயாளிகளில் சோதித்தார்கள். மருந்து குடித்தவர்களிலும் 12.7 வீதம், குடிக்காதவர்களிலும் 12.7 வீதம். அதன் பிறகு, ஏறக்குறைய 5000 பேரில் செய்து 2018இல் அச்சான ஆய்வும் அதையே சொன்னது. சோடியம் பைகாபனேட்டும் வெறும் சேலைனைவிட மேலானதல்ல என்பதும் அதிலேயே தெரிந்தது.

பதினெட்டு வருட ஓட்டத்துக்குப் பிறகு மிஞ்சியது சாதாரண சேலைன்தான். அதுவும் எல்லோருக்கும் அவசியமில்லை என்று 2017இல் நெதர்லாந்தில் 660 பேரில் நடந்த ஆய்வு காட்டியது. சிறுநீரகம் நடுத்தர அளவில் தளர்ந்திருந்த அந்த நோயாளிகளில், சேலைன் ஏற்றியவர்களுக்கும் ஏற்றாதவர்களுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை.

எண்பது பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றைச் சொல்லும், ஐயாயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வு வேறொன்றைச் சொல்லும். வட்ஸ்அப்பில் "ஆய்வில் நிரூபணம்" என்று வரும் செய்திகளைப் பார்க்கும்போது இந்தக் கதை நமக்கு ஞாபகம் வரவேண்டும்.

7. குற்றவாளி ஒருவர்தானா?

அதற்குள் இன்னொரு கேள்வி எழுந்தது. மருந்து கொடுத்த பின் கிரியேட்டினின் ஏறினால் மருந்துதான் காரணம் என்று எழுதிவந்தார்கள். மருந்தே கொடுக்காத ஆஸ்பத்திரி நோயாளிகளில் கிரியேட்டினின் ஏறுவதில்லையா? இதை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. 2008இல் நியூயோர்க் வைத்தியர்கள் மருந்து பெறாத 32,161 நோயாளிகளின் அறிக்கைகளை எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களில் கிரியேட்டினின் 25 வீதமோ அதற்கு மேலோ கூடிக் குறைந்திருந்தது. அவர்களுக்கு யாராவது மருந்து ஏற்றியிருந்தால் அத்தனை பழியும் மருந்தின் தலையில்தான் விழுந்திருக்கும்.

இதன் பிறகு பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் வந்தன. 2020இல் அமெரிக்காவின் எக்ஸ்ரே வைத்தியர் சங்கமும் சிறுநீரக அமைப்பும் சேர்ந்து அறிக்கை விட்டன: ஸ்கானுக்காக நாளம் வழியாகக் கொடுக்கும் மருந்தின் ஆபத்து இதுவரை மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது, கவனம் முக்கியமாகத் தேவைப்படுவது சிறுநீரகம் கடுமையாகத் தளர்ந்தவர்களுக்கும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்கனவே உள்ளவர்களுக்கும்.

ஆனால் அவசரப்பட்டு "அப்போ எல்லாம் பொய்யா?" என்று கேட்க வேண்டாம். இதய நாடிச் சிகிச்சை ஸ்கான் போன்றதல்ல. மருந்து நாடிப்பக்கம் செலுத்தப்படுகிறது, அதிகம் ஐதாகாமலே சிறுநீரகத்துக்கு வருகிறது. குழாய் பெருநாடியில் உரசும்போது சுவரில் படிந்த கொழுப்புத் துகள்கள் உதிர்ந்து சிறுநீரகத்தில் போய் அடைக்கலாம். இதயம் பலவீனமாகி பிரஷர் விழுந்திருந்தால் அதுவே சிறுநீரகத்தைப் பட்டினி போடும். இரத்தப்போக்கும் நடக்கலாம். ஆகவே ஸ்டென்ட் வைத்த பின் வரும் சிறுநீரகப் பாதிப்பு உண்மையானது. அதில் 'டை'யின் பங்கு எவ்வளவு, மாரடைப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் கடினம்.

எவ்வளவு பேருக்கு? அமெரிக்காவில் 9 இலட்சத்து 85 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்து 2014இல் வெளியான ஆய்வு சொல்வது: நூற்றில் ஏறக்குறைய 7 பேருக்குச் சிறுநீரகத்தில் பாதிப்பு. டயலிசிஸ் தேவைப்பட்டது ஆயிரத்தில் 3 பேருக்கு. ஆயிரத்தில் மூன்று என்பது பூச்சியம் அல்ல. அந்த மூன்று குடும்பங்களுக்கு அது முழு உலகம். ஆனால் நம் முற்றத்தில் பேசப்படுவது போல "போனா போச்சு" என்ற கணக்கும் அல்ல.

8. பயம் செய்த சேதம்

இந்தப் பதிவை எழுத நம்மைத் தூண்டியது இந்தப் பகுதிதான். பயந்தது நோயாளிகள் மட்டுமல்ல, வைத்தியர்களும்தான். அமெரிக்காவில் மாரடைப்போடு வந்த வயதானவர்களில், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மற்றவர்களைவிட மிகக் குறைவாகவே அஞ்சியோகிராம் செய்யப்பட்டிருந்ததை 2004இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். செய்திருந்தால் பயன் பெறக்கூடியவர்களும் கைவிடப்பட்டிருந்தார்கள். இதற்கு 'ரீனலிசம்' என்றே ஒரு பெயர் வைத்தார்கள். இனவாதம் என்பது போல, சிறுநீரக நோயாளி என்பதற்காகவே ஒருவரை ஒதுக்குவது. சிறுநீரகத்தைக் காப்பாற்றப் போய் மனிதனை இழப்பது.

மறுபக்கமும் உண்டு. சிறுநீரகம் கடுமையாகப் பழுதான, ஆனால் இதய நோய் நிலையாக இருக்கிற 777 பேரில் செய்து 2020இல் வெளியான ஆய்வில், உடனே அஞ்சியோகிராம் செய்தவர்கள் மருந்து மாத்திரையோடு இருந்தவர்களைவிட மேலதிக நன்மை பெறவில்லை. ஆகவே "மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் நேரம்" வேறு. "நடந்தால் களைக்கிறது, மாதக் கிளினிக்கில் பார்க்கலாம்" என்ற நிலை வேறு. முதலாவதில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகிறது, தயங்க நேரமில்லை. இரண்டாவதில் உட்கார்ந்து, கேட்டு, யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது.

9. நமக்கு என்ன?

நம் நாட்டுக்குச் சிறுநீரகப் பயம் சும்மா வந்ததல்ல. 1990களில் இருந்து அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோய் எத்தனையோ விவசாயக் குடும்பங்களைத் தின்றிருக்கிறது. அங்கே நம் உறவுகளும் இருக்கிறார்கள். நம் ஊர்களில் சீனி வருத்தம் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. டயலிசிஸுக்காக வாரத்தில் இரண்டு மூன்று நாள் பயணம் போகிறவர்களின் பாடு நமக்குத் தெரியும். ஆகவே பயப்படுகிறவரைக் கேலி செய்யாதீர்கள். அந்தப் பயத்தைச் சரியான கேள்விகளாக மாற்ற உதவி செய்யுங்கள். நூறு வருட வரலாறு நமக்குக் கற்றுத் தரும் கேள்விகள் இவை:

• என் கிரியேட்டினின் எவ்வளவு? சிறுநீரகம் எத்தனை வீதம் வேலை செய்கிறது? போகும்போது பழைய கிளினிக் கொப்பியையும் இரத்த அறிக்கைகளையும் கட்டாயம் கொண்டுபோங்கள். இன்றைய அளவு மட்டும் போதாது, போன வருட அளவும் வேண்டும்.

• நான் பாவிக்கும் மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும்? மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனக், இபுபுரோஃபென் சிறுநீரகத்துக்குக் கெடுதி. சீனிக்குக் குடிக்கும் மெற்ஃபோமின் பற்றியும் கேளுங்கள். ஆனால் அஸ்பிரின் போன்ற இதய மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவே கூடாது.

• எனக்குச் சேலைன் ஏற்ற வேண்டுமா? "நிறையத் தண்ணி குடி" என்று எல்லோருக்கும் சொல்ல முடியாது. இதயம் பலவீனமாகி கால் வீங்கி மூச்சு வாங்குகிறவருக்கு அதிகத் தண்ணீரே ஆபத்தாகலாம். அளவை வைத்தியர் சொல்லட்டும்.

• மருந்தின் அளவைக் குறைத்துச் செய்ய முடியுமா? இதற்கென்று 1989இலேயே வைத்தியர்கள் ஒரு கணக்கு வைத்தார்கள்: நிறையை (கிலோவில்) ஐந்தால் பெருக்கி, கிரியேட்டினினால் பிரிக்க வேண்டும். 60 கிலோ நிறை, கிரியேட்டினின் 2 என்றால் 150 மில்லிலீற்றர். அவசரமில்லாத நேரத்தில் படத்தை ஒரு நாளும் ஸ்டென்டை இன்னொரு நாளும் செய்வதும் உண்டு. கணக்கு வைத்தியருடையது. சிறுநீரகம் தளர்ந்தவர் என்று ஞாபகப்படுத்துவது நம் கடமை.

• பிறகு எப்போது இரத்தம் சோதிக்க வேண்டும்? சிறுநீரகம் தளர்ந்தவர்கள் இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு தடவை கிரியேட்டினின் பார்ப்பது முக்கியம். வீட்டுக்கு அனுப்பியதும் மறந்துவிடுகிற விடயம் இதுதான்.

நோன்பு காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சிகிச்சைக்கு முந்திய, பிந்திய நாட்களில் உடம்பில் நீர் வற்றக் கூடாது. நோயாளிக்கு நோன்பை விட்டுவிட்டுப் பிறகு நோற்கும் சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது. "தாங்கிக்கொள்வேன்" என்று பிடிவாதம் பிடிக்கும் நம் மூத்தம்மாமாருக்கு அதை அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டியது பிள்ளைகளான நாம்தான். சந்தேகம் இருந்தால் வைத்தியரையும் ஆலிமையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடைசியாக, சுகம் விசாரிக்கப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். நோயாளியின் கட்டிலருகே நாம் சொல்லும் ஒரு வசனம் ஒரு துண்டை அலுமாரிக்குள் அனுப்பிவிடும் அளவுக்குப் பலமானது. தெரியாததைச் சொல்லாமல் இருப்பதும் ஒரு அமானிதம். "டை அடிச்சா கிட்னி போயிருமாம்" என்று சொல்வதற்குப் பதிலாக, "உங்கட கிரியேட்டினின் எவ்வளவுன்னு டொக்டரிட்ட கேட்டீங்களா?" என்று கேளுங்கள். முடிந்தால் கூடவே கிளினிக்குக்குப் போய் அந்தக் கேள்வியைக் கேட்க உதவுங்கள்.

நம் நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. நமக்குப் பயன் தரும் அறிவை அதிகப்படுத்துவானாக. ஆமீன்.

வீட்டில் இதய நோயாளி இருக்கிற ஒருவருக்காவது இதைப் பகிருங்கள். நம்மிடையே உள்ள வைத்தியர்கள், தாதியர்கள் மேலதிக விளக்கங்களைக் கீழே எழுதினால் ஊருக்கே பிரயோசனமாக இருக்கும்.

வஸ்ஸலாம்.